துப்பாக்கி சுடப் பழக எங்கே சேர்ப்பது? நான்கு வழிகளும் ஒரு நைலான் நரம்பும்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கிய வாரத்தில் என் அண்ணன் மகள் முடிவெடுத்துவிட்டாள். அவளுக்கு அப்போது 13 வயது. இதற்கு முன் கராத்தே, கீபோர்டு, சதுரங்கம் என்று மூன்றை ஆரம்பித்து மூன்றையும் விட்டவள் என்பதால் அண்ணி கண்டுகொள்ளவில்லை. ஆறு மாதம் கழித்தும் அவள் அதையே கேட்டபோதுதான் வீட்டில் என்னைக் கூப்பிட்டார்கள். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது குப்புறப் படுத்து .22 ரைபிளில் சுட்டவன் என்ற ஒரே தகுதியில் எனக்கு நிபுணர் பட்டம். மூன்று வருடத்தில் நான் சுட்ட தோட்டாக்களை இரண்டு கையாலும் அள்ளிவிடலாம் என்பதை நான் சொல்லவில்லை.

எங்கள் ஊர் கோவையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. கோவையில் உள்ள ஒரு ரைபிள் கிளப், எங்கள் ஊரிலேயே புதிதாகத் திறந்திருந்த ஒரு தனியார் அகாடமி, பள்ளியின் என்.சி.சி., கடைசியாக அண்ணனின் சொந்த யோசனையான மொட்டை மாடி. இரண்டு மாதம் இவற்றைச் சுற்றிப் பார்த்தோம். பார்த்ததை எழுதிவைக்கிறேன். உங்கள் ஊரில் பெயர்கள் மாறும், தேர்வு ஏறக்குறைய இதேதான்.

முதலில் குழந்தை எதைச் சுடப் போகிறது என்பதில் தெளிவு வேண்டும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தொடங்குவது பத்து மீட்டர் ஏர் ரைபிளிலோ ஏர் பிஸ்டலிலோதான். வெடிமருந்து கிடையாது, அழுத்திய காற்று 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைத் தள்ளுகிறது. ரைபிள் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் விட்டம், பால்பாயின்ட் பேனாவால் அட்டையில் ஒரு முறை தொட்டு எடுத்தால் விழும் புள்ளி அளவு. பிஸ்டலுக்குக் கொஞ்சம் கருணை உண்டு, பத்துப் புள்ளி வளையம் 11.5 மில்லிமீட்டர். ஆனால் அதை ஒற்றைக் கையால் நீட்டிப் பிடித்துச் சுட வேண்டும். இந்த 4.5 மி.மீ. வகையில் 20 ஜூல் ஆற்றலுக்குள் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு நம் நாட்டில் உரிமம் தேவையில்லை. போட்டித் துப்பாக்கிகள் அதில் பாதி ஆற்றல்கூட இல்லாதவை. .22 போன்ற தோட்டாத் துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம். பயிற்சிக்கு மட்டும், 12 வயது நிரம்பியவர்கள் மேற்பார்வையில் சுடலாம் என்று 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் அனுமதிக்கின்றன. இதைச் சொன்னதும் அண்ணிக்குப் பாதி பயம் போனது. மீதிப் பாதிக்கு நான் மருந்து சொல்லவில்லை, அது இருக்க வேண்டிய பயம்.

ஏனென்றால் புதுக்கோட்டை நார்த்தாமலையை நம்மில் பலர் மறந்துவிட்டோம். 2021 டிசம்பர் 30 அன்று அங்குள்ள சுடுதளத்தில் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. நான்கு நாள் கழித்துச் சிறுவன் இறந்தான். அது விளையாட்டு மைதானம் அல்ல, சுட்டதும் ஏர் ரைபிளால் அல்ல. ஆனாலும் சுடுதளம் என்றால் என்ன என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை. குறி தவறிய குண்டு எங்கே போய் நிற்கும் என்ற கேள்விக்குச் சுவரும் மண்மேடும் பதில் சொல்ல வேண்டும். சாதாரண .22 தோட்டாவே தடுக்க எதுவும் இல்லையென்றால் ஒரு மைலுக்கு மேல் போகும். ஏர் ரைபிள் குண்டு அவ்வளவு போகாது, ஆனால் நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. கெட்டியான இடத்தில் பட்டால் திரும்பி வரும், கண்ணில் பட்டால் கண் போகும்.

அகாடமிக்கு முதலில் போனோம், வீட்டிலிருந்து நடக்கும் தூரம். ஜவுளிக் கடைக்கு மேல் இரண்டாவது மாடி, குளிர்சாதனம், எட்டுப் பாதைகள், ஒவ்வொன்றிலும் மின்னணு இலக்கு. சுட்ட மறுகணமே பக்கத்துத் திரையில் 9.4, 10.1 என்று எண் விழுகிறது. சுவர் முழுக்கப் பதக்கம் வென்றவர்களின் படங்கள். அதில் ஒருவர்கூட அங்கே பழகியவர் அல்ல என்பது இரண்டாவது முறை பார்த்தபோதுதான் தெரிந்தது. வரவேற்பில் இருந்த பெண் அருமையாகப் பேசினார். ஐந்தே நிமிடத்தில் எங்கள் வீட்டுப் பெண்ணின் கையில் ஒரு பிஸ்டல் வந்துவிட்டது, பத்துக் குண்டு இலவசம்.

நாலாவது குண்டு பத்தில் விழுந்தது. அவள் சந்தோஷத்தில் "அம்மா, பார்த்தீர்களா" என்று அப்படியே திரும்பினாள், கையில் பிஸ்டலோடு. குழல் பக்கத்துப் பாதையில் நின்ற பையனின் முதுகைக் கடந்து, என் வயிற்றைக் கடந்து, அண்ணியிடம் வந்து நின்றது. பயிற்சியாளர் சிரித்தார். "பரவாயில்லை, காலிதான்" என்றார். காலியாகத்தான் இருந்தது, அது எனக்கும் தெரியும். திருவிழாவில் பலூன் சுட வைப்பவர் பாராட்டுகிற மாதிரி அவர் அவள் தோளில் தட்டினார். நான் அந்த நொடியில் அந்த இடத்தைக் கழித்துவிட்டேன். என்.சி.சி.யில் எங்கள் ஹவில்தார் எங்களைக் காலி ரைபிளுக்குத்தான் அதிகம் திட்டுவார். விபத்து எல்லாம் காலி என்று நினைத்த துப்பாக்கியால்தான் நடக்கும் என்பது அவர் வாதம்.

தனியார் என்றாலே மட்டம் என்று இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ககன் நாரங் சென்னையில் பிறந்தவர். அவர் தொடங்கிய கன் ஃபார் குளோரி அகாடமியும் தனியார்தான். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் அந்த அகாடமியில் உருவானவர். கட்டணம் வாங்குவது குற்றமில்லை. குழல் திரும்பியபோது யாரும் பதறவில்லை என்பதுதான் என் குறை.

கோவை கிளப்புக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். மின்னணுத் திரை இல்லை. ஓடு வேய்ந்த நீளக் கொட்டகை, சுவரில் சுண்ணாம்பு, இலக்கு அட்டையை மின்மோட்டார் ஒன்று கம்பியில் இழுத்துக்கொண்டு போய்ப் பத்து மீட்டரில் நிறுத்துகிறது. ஒரு மோட்டார் பாதி வழியில் நின்று முனகிக்கொண்டிருந்தது. அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார், இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று.

அந்த முனகும் மோட்டாரால்தான் பார்க்க வேண்டியதைப் பார்த்தோம். அந்தப் பாதையில் சுட்டுக்கொண்டிருந்த கல்லூரிப் பையன் பொறுமையிழந்து, அட்டையைக் கையால் எடுத்துவர சுடுகோட்டைத் தாண்டி ஒரு கால் வைத்தான். ஒரே ஒரு கால். உடனே விசில். பெரிய மீசையோடு மூலையில் நாற்காலியில் தூங்குகிற மாதிரி உட்கார்ந்திருந்த பெரியவர்தான் அன்றைய ரேஞ்ச் ஆபிசர், அதாவது சுடுதளப் பொறுப்பாளர். "ஸ்டாப்" என்றார். எட்டுப் பேரும் துப்பாக்கியை மேசையில் வைத்தார்கள். "அன்லோட்." எல்லோரும் குண்டு போடும் இடத்தைத் திறந்து, ஆளுக்கொரு ஆரஞ்சு நிற நைலான் நரம்பை உள்ளே விட்டார்கள். புல் வெட்டும் இயந்திரத்தில் சுற்றும் அதே நரம்புதான், கடையில் மீட்டர் கணக்கில் கிடைப்பது. நரம்பின் முனை குழல் வாயில் வெளியே எட்டிப் பார்த்தால் உள்ளே குண்டு இல்லை என்று அர்த்தம். பெரியவர் எழுந்து எட்டு மேசையையும் நடந்து பார்த்தார், எட்டு முனையையும் பார்த்தார். பிறகு எல்லோரையும் இரண்டடி பின்னால் நிற்க வைத்துவிட்டு, தானே போய் அட்டையை எடுத்துவந்தார். பையன் தலைகுனிந்து நின்றான். அவனை அவர் திட்டவில்லை, "இன்றைக்கு உனக்கு இவ்வளவு போதும், உட்கார்ந்து மற்றவர்களைப் பார்" என்றார்.

எல்லாமாக ஆறு ஏழு நிமிடம். கட்டணம் கட்டிய யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்த முகங்களைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. விசில் ஊத யார் வேண்டுமானாலும் இருக்கலாம், ஊதியதும் நிற்கப் பழகிய எட்டுப் பேர் ஒரு நாளில் உருவாக மாட்டார்கள்.

எங்கள் பெண்ணுக்கு அங்கே முதல் நாள் துப்பாக்கியே தரவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார் பயிற்சியாளர். பிறகு ஒரு கண்ணை மூடு, அடுத்த கண்ணை மூடு. எந்தக் கண்ணில் கடிகாரம் தெரிகிறதோ அது ஆளும் கண். வலது கைக்காரியான அவளுக்கு இடது கண் ஆளுகிறது! இது தெரியாமல் ஆறு மாதம் சுட்டிருந்தால் ஏன் குறி விலகுகிறது என்று யாருக்கும் விளங்கியிருக்காது. அடுத்து அரை பாட்டில் தண்ணீரை ஒரு கையில் நீட்டிப் பிடித்து நிற்கச் சொன்னார். நாற்பது விநாடியில் பாட்டில் ஆடியது. "வீட்டில் பழகிவிட்டு வா" என்று அனுப்பிவிட்டார். வரும் வழியெல்லாம் அவள் பேசவில்லை. இலவசப் பத்துக் குண்டின் மகிமை இப்போது எனக்கே புரிந்தது.

மின்னணு இலக்கா காகித இலக்கா என்பது அண்ணனுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. பெரிய போட்டிகள் மின்னணுவில் நடப்பதால் அவர் கேட்டதில் நியாயம் உண்டு. 60 குண்டு சுட மின்னணுவில் 75 நிமிடம், காகிதத்தில் 90 நிமிடம் என்று போட்டி நேரமே வேறுபடுகிறது. ஆனால் தொடக்கக்காரருக்குத் திரை ஒரு கெட்ட பழக்கத்தைத் தருகிறது. ஒவ்வொரு குண்டுக்கும் தலை திரும்பி எண்ணைப் பார்க்கும், விசை இழுத்த பிறகும் ஓரிரு விநாடி அசையாமல் நிற்க வேண்டிய உடம்பு அதற்குள் கலைந்துவிடும். காகிதம் இன்னொரு விதத்திலும் நல்லது. அட்டையைத் தேதி போட்டு வீட்டுக்குக் கொண்டுவரலாம். எங்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் இப்போது காய்கறிப் பட்டியலுக்கு இடமில்லை.

போட்டிக்குப் போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் அங்கீகாரத்தைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். தேசிய ரைபிள் சங்கம் 1951-இல் தொடங்கப்பட்டது. முதல் மக்களவைத் தலைவரான ஜி.வி. மாவ்லங்கர்தான் அதன் முதல் தலைவர், அவர் பெயரில்தான் இன்றும் தேசியப் போட்டிக்கான தகுதிச் சுற்று ஒன்று நடக்கிறது. அதன் கீழே மாநிலச் சங்கம், மாநிலச் சங்கத்தின் கீழே கிளப்புகள். இந்தச் சங்கிலியில் இல்லாத இடத்தில் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுக்க வேறு கிளப்பைத் தேட வேண்டியிருக்கும். அகாடமியில் இதைக் கேட்டபோது "அதையெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்றார்கள். கிளப்பில் கேட்டபோது ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்கள். படிவம் எரிச்சலூட்டியது, முகவரிச் சான்று, பிறப்புச் சான்று, புகைப்படம், பெற்றோர் ஒப்புதல். ஆனால் எனக்கு அந்த எரிச்சல் பிடித்திருந்தது. யார் வருகிறார்கள் என்று கேட்காத சுடுதளத்தில் என் பிள்ளைக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று எனக்கும் தெரியாதே.

(2022-இல் மாநிலப் போட்டிக்காக நடிகர் அஜித்குமார் திருச்சி ரைபிள் கிளப்புக்கு வந்தபோது வெளியே திரண்ட கூட்டம் நினைவிருக்கும். அதில் எத்தனை பேர் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கினார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.)

பணக் கணக்கு இரண்டு இடத்திலும் வேறு வேறு மாதிரி. கிளப்பில் சேரும்போது ஒரு பெரிய தொகை, அப்புறம் ஆண்டுச் சந்தாவும் குண்டுச் செலவும். அகாடமியில் மாதக் கட்டணம், வேண்டாமென்றால் நின்றுவிடலாம். மூன்று கலைகளை விட்ட பிள்ளைக்கு அகாடமிதான் பொருத்தம் என்று அண்ணி வாதாடினார், அதில் தப்பு சொல்ல முடியாது. நான் பார்த்தது வேறு செலவை. அகாடமியில் சேரும் முன்பே "சொந்தத் துப்பாக்கி இருந்தால் முன்னேற்றம் வேகமாக இருக்கும்" என்ற பேச்சு வந்துவிட்டது, அவர்களே வாங்கித் தருவார்களாம். வெளிநாட்டுப் போட்டி ரைபிள் இரண்டு லட்சத்தைத் தாண்டும். ரைபிளுக்கு விறைப்பான கோட்டும் பேண்ட்டும் தனி, வளரும் பிள்ளைக்கு அவை எவ்வளவு நாள் பொருந்தும்? கிளப்பில் கிளப்பின் துப்பாக்கி. பழையது, கைப்பிடியில் யாரோ மரத்தூள் பசை வைத்து அடைத்திருந்தார்கள், ஆனால் நேராகச் சுடுகிறது.

என்.சி.சி. பற்றி நல்லதைத்தான் சொல்ல முடியும், ஆனால் கொஞ்சம்தான். ஒழுங்கு அங்கே கிடைப்பதுபோல வேறெங்கும் கிடைக்காது, செலவும் இல்லை. ஆனால் ஆண்டில் சில நாள் முகாமில் சில தோட்டாக்கள், அவ்வளவுதான். நன்றாகச் சுடுபவர்களைப் பொறுக்கியெடுத்துத் தனிப் பயிற்சி கொடுப்பார்கள் என்பது உண்மை, ஆனால் அந்தப் பொறுக்கலுக்குள் வர முதலில் சுடத் தெரிந்திருக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் பழக வேண்டிய கலைக்கு இது போதாது. அவள் பள்ளியில் என்.சி.சி. இருக்கிறது, அதிலும் சேர்ந்திருக்கிறாள், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

மொட்டை மாடிக்கு வருகிறேன். அபினவ் பிந்த்ரா வீட்டிலேயே சுடுதளம் வைத்துப் பழகினார், 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்றார் என்பதை அண்ணன் எங்கேயோ படித்திருந்தார். பத்து மீட்டர் என்றால் சுடுகோட்டிலிருந்து இலக்கு வரை. ஆள் நிற்கவும் பின்னால் நகரவும் சேர்த்தால் பதின்மூன்று மீட்டராவது வேண்டும். எங்கள் மாடிக்கு அந்த நீளம் உண்டு. தண்ணீர்த் தொட்டியின் சுவரில் பலகை மாட்டி, அதில் இலக்கு வைக்கலாம் என்பது திட்டம். அந்தச் சுவருக்கு வலதுபுறம் மூன்றடியில் பக்கத்து வீட்டு அக்கா வடகம் காயவைப்பார். தொட்டிக்குப் பின்னால் தென்னை மரம், அதில் ஏற மாதம் ஒருவர் வருவார். எங்கள் மாடிக்கு ஏறும் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இல்லை, யார் எப்போது துணி எடுக்க வருவார்கள் என்று சொல்ல முடியாது. இதையெல்லாம் அண்ணனை மாடியில் நிற்க வைத்தே காட்டினேன். அதோடு, "ஸ்டாப்" சொல்ல அங்கே யார் இருக்கிறார்? அப்பாவா? அவர் போனில் இருப்பார்.

ஆனால் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி ஒன்று உண்டு, குண்டில்லாமல் வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று விசை இழுத்துப் பழகுவது. டிரை பிராக்டிஸ் என்பார்கள். பெரிய வீரர்களும் இதைத்தான் தினமும் செய்கிறார்கள். எங்கள் வீட்டில் துப்பாக்கியே இல்லாததால் இப்போதைக்குத் தண்ணீர் பாட்டில்தான். அரை பாட்டில் முழு பாட்டிலாகிவிட்டது.

சேர்க்கும் முன் நீங்கள் போய்ப் பார்க்கும்போது துப்பாக்கியின் பெயரையும் நாட்டையும் விசாரிப்பதற்குப் பதில் கை கழுவும் தொட்டி எங்கே என்று பாருங்கள். குண்டு ஈயம், விரலில் ஒட்டும். அது வயிற்றுக்குள் போனால் பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குக் கெடுதல் அதிகம். சுடுகோட்டுக்குப் பக்கத்திலேயே பிள்ளைகள் பஃப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்த இடத்தை நடத்துபவருக்கு அடிப்படை தெரியவில்லை என்று பொருள். துப்பாக்கியில் மாட்டும் அழுத்திய காற்று உருளையைக் கையில் வாங்கித் தேதியைப் படியுங்கள். 200 பார் அழுத்தம் தாங்கும் உருளை அது, தயாரித்துப் பத்து ஆண்டு தாண்டினால் சர்வதேசப் போட்டி விதிப்படி பயன்படுத்தக் கூடாது. நான் கேட்டபோது ஓரிடத்தில் உருளையைக் காட்டவே யோசித்தார்கள். இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது, பக்கக் கதவு சுடும் பக்கம் திறக்கிறதா, அதற்குப் பூட்டு உண்டா என்பதையும் பாருங்கள். முக்கியமாக, சொல்லாமல் போங்கள். ஞாயிறு மாலை, கூட்டம் இருக்கும் நேரம். ஒரு மணி நேரம் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். கிளப்பில் பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கடைசியில் எங்களை இழுத்தடித்தது தூரம்தான். போக ஒரு மணி, வர ஒரு மணி, இடையில் ஒன்றரை மணி நேரப் பயிற்சி. வாரத்துக்கு இரண்டு முறை. நடக்கும் தூரத்தில் இருந்தால் வாரம் ஐந்து நாள் போகலாம், அதிகம் சுடலாம், அதிகம் தேறலாம் என்று அண்ணன் சொன்னதை எளிதில் தள்ள முடியாது. ஊரிலேயே ஒழுங்கான இடம் இருந்திருந்தால் திரையில்லாவிட்டாலும் மோட்டார் முனகினாலும் அங்கேதான் சேர்த்திருப்போம். வாரம் ஐந்து நாள் குழலைத் திருப்பிப் பழகுவதைவிட இரண்டு நாள் நரம்பு செருகிப் பழகுவது மேல் என்று நான் சொன்னேன். அண்ணி சிரித்துக்கொண்டே "அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள்" என்றார். சனிக்கிழமை அண்ணன், ஞாயிற்றுக்கிழமை நான். இப்படி எட்டு மாதம் ஆகிறது.

போன வாரம் அவள் முதன்முறையாகச் சொந்தப் பிஸ்டல் பற்றிப் பயிற்சியாளரிடம் கேட்டாள். அவர் அவள் உள்ளங்கையை விரித்துத் தன் உள்ளங்கையோடு வைத்து அளந்தார். "போன தீபாவளிக்கு இந்தக் கைப்பிடி உனக்குப் பெரிது, இப்போது சரியாக இருக்கிறது, அடுத்த தீபாவளிக்குச் சின்னதாகிவிடும். கை வளர்ந்து முடியட்டும்" என்றார். அண்ணன் அதற்குள் இரண்டு கடைகளில் விலை கேட்டு வைத்திருக்கிறார்.